பி.எம். ஆகணுமா? முதல்ல சப்போர்ட் சீட்டுல உட்காருங்க

இந்த பிளேஸ்மென்ட் சீசன்ல நம்ம வாட்ஸ்அப் குரூப்ல அதிகமா அடிபட்ட வார்த்தை 'பி.எம்.' பிரைம் மினிஸ்டர் இல்லீங்க, புராடக்ட் மேனேஜர். மெக்கானிக்கல் படிச்சவனும் பி.எம். ஆகணும்ங்கிறான், ஈ.சி.இ. படிச்சவளும் பி.எம். ஆகணும்ங்கிறா. கோடிங் வராதவங்க "பி.எம்.முக்கு கோடிங் தேவையில்லையாமே"ன்னு வர்றாங்க. கோடிங் நல்லா வர்றவங்க "இனிமே கோடு எல்லாம் ஏ.ஐ. எழுதிடும், பி.எம். தான் சேஃப்"ன்னு வர்றாங்க. ஆசைப்படுறதுல தப்பே இல்லை. எனக்கும் அந்த ஆசை இருக்கு. ஆனா அந்த ஆசையைக் காரணம் காட்டி, கையில வந்த வேலையை வேண்டாம்னு சொல்றது தப்புன்னு நான் நினைக்கிறேன். அதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

எங்க செட்ல என்ன நடக்குதுன்னு சொல்றேன். சப்போர்ட் இன்ஜினியர், டெஸ்டிங், இம்ப்ளிமென்டேஷன்னு ஒரு ஆஃபர் வந்தா, "அது கால் சென்டர் வேலைல, எடுக்காத"ன்னு சொல்ல நாலு பேர் இருக்காங்க. ஆஃபரை விட்டுட்டு, ஆன்லைன்ல ஒரு பி.எம். கோர்ஸ்ல சேர்ந்து, ஒரு வருஷம் வீட்டுல இருந்து டிரை பண்ணலாம்ங்கிறது பிளான். சில கோர்ஸுக்குக் கட்டணமே லட்சத்தைத் தொடுது. ஏற்கெனவே எஜுகேஷன் லோன் ஓடிட்டு இருக்கிற வீட்டுல இன்னொரு கடன். பொண்ணுங்களுக்கு இதுல இன்னொரு கணக்கும் இருக்கு. "ஒரு வருஷம் பாரு, கிடைக்கலேன்னா மாப்பிள்ளை பார்ப்போம்"ங்கிற கணக்கு. அந்த ஒரு வருஷம் உங்க கையில இருக்கிற வருஷம் இல்லை, வீட்டார் கையில இருக்கிற வருஷம். அதை வச்சு சூதாட வேண்டாம்.

பி.எம். என்னதான் பண்றாங்க?

ஒரு சாஃப்ட்வேர் டீம்ல டெவலப்பர் கோடு எழுதுவாங்க, டிசைனர் திரையை வடிவமைப்பாங்க, டெஸ்டர் பிழை பிடிப்பாங்க, சேல்ஸ் விற்பாங்க. இவங்க எல்லாருக்கும் நடுவுல, 'இதை யாருக்காகப் பண்றோம், அவங்களுக்கு என்ன பிரச்சினை, அதுல எதை முதல்ல தீர்க்கணும், எதை இப்போதைக்குப் பண்ணக்கூடாது'ன்னு முடிவெடுத்து, அந்த முடிவை எல்லாரையும் ஏத்துக்க வைக்கிறவங்கதான் பி.எம்.

"பி.எம். ஒரு குட்டி சி.இ.ஓ."ன்னு ரீல்ஸ்ல கேட்டிருப்பீங்க. அந்தப் பேச்சு 1990-கள்ல நெட்ஸ்கேப் நிறுவனத்துல பென் ஹோரோவிட்ஸ் தன் டீமுக்காக எழுதின ஒரு குறிப்புல இருந்து பரவினது. ஆனா சி.இ.ஓ. நினைச்சா ஒருத்தரை வேலையை விட்டுத் தூக்கலாம். பி.எம்.மால ஒரு டெவலப்பரோட லீவைக்கூட கேன்சல் பண்ண முடியாது. அவங்களுக்கு யார் மேலயும் அதிகாரம் கிடையாது. எல்லாரையும் பேசிப் புரிய வைக்கணும். அப்படிப் பேசுறதுக்கு அவங்க கையில இருக்கிற ஒரே ஆயுதம், "இந்த கஸ்டமரை எனக்குத் தெரியும், அவர் இங்கதான் கஷ்டப்படுறார்"ங்கிற நேரடி அறிவு. அது இல்லாத பி.எம். மீட்டிங் மட்டும் நடத்திட்டு இருப்பாங்க.

நம்ம ஊர் உதாரணமே சொல்றேன். தாமிரபரணி பொதிகையில பிறந்து புன்னக்காயல்ல கடலுக்குப் போறதுக்குள்ள, கோடைமேலழகியான்ல இருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் 8 அணைக்கட்டு. ஒவ்வொண்ணுலயும் கால்வாய் பிரியுது. எல்லாருக்கும் தண்ணி வேணும், எல்லாரும் கேக்கிறதும் நியாயம்தான். ஆனா அணையில இருக்கிற தண்ணி அளவானது. மேல இருக்கிறவங்க முழுசா எடுத்துக்கிட்டா கடைமடைக்கு ஈரம்கூடப் போகாது. சாஃப்ட்வேர்ல தண்ணிக்குப் பதிலா டெவலப்பர்களோட நேரம். சத்தமாக் கேக்கிற பெரிய கஸ்டமருக்கே எல்லா நேரமும் போயிட்டா, சத்தம் போடத் தெரியாத கடைமடை கஸ்டமர் ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போயிடுவார். போனதுகூட உங்களுக்குத் தெரியாது.

இது ஃபிரெஷர் வேலையா இருந்ததா?

இந்த வேலையோட வேரைத் தேடினா சாஃப்ட்வேர்ல இல்லை, சோப்புல இருக்கு. 1931 மே மாசம் அமெரிக்காவுல பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில நீல் மெக்எல்ராய்ங்கிற இளைஞர், கேமே சோப்பு விளம்பர வேலையைப் பார்த்துட்டு இருந்தவர், மேலிடத்துக்கு 3 பக்கக் குறிப்பு ஒண்ணு எழுதினார். ஒவ்வொரு பிராண்டுக்கும் தனி ஆள் வேணும், அந்த ஆள் விற்பனை எங்க குறையுதுன்னு நேர்ல போய்ப் பார்த்து, காரணம் கண்டுபிடிச்சு, சரி பண்ணி, அதோட பலனையும் கணக்கு பார்க்கணும்னு அதுல சொன்னார். இன்னைக்கு இருக்கிற புராடக்ட் மேனேஜ்மென்டுக்கு விதை அதுதான்னு சொல்வாங்க. கவனிங்க, அந்தக் குறிப்பை எழுதினவர் அதுக்கு முன்னாடியே அந்த சோப்போட விற்பனைப் போராட்டத்துக்குள்ள இருந்தவர்.

நம்ம ஆட்களுக்கு வருவோம். சுந்தர் பிச்சை மதுரையில பிறந்து சென்னையில வளர்ந்தவர். கரக்பூர் ஐ.ஐ.டி.யில படிச்சது உலோகவியல். 1993-ல பி.டெக். முடிச்சார். ஸ்டான்ஃபோர்டுல மெட்டீரியல் சயின்ஸ், அப்புறம் அப்ளைடு மெட்டீரியல்ஸ்ல வேலை, வார்ட்டன்ல எம்.பி.ஏ., மெக்கின்சியில ஆலோசகர். கூகுள்ல புராடக்ட் மேனேஜரா சேர்ந்தது 2004-ல. பி.டெக்.குக்கும் பி.எம்.முக்கும் நடுவுல 11 வருஷம். அங்கயும் முதல்ல கிடைச்சது ஜொலிக்கிற வேலை இல்லை. கூகுள் டூல்பார். பிரவுசர்ல ஒரு பட்டை, அவ்வளவுதான். அந்தப் பட்டையில வேலை பார்த்ததுல இருந்துதான் 'நமக்கே ஒரு பிரவுசர் வேணும்'ங்கிற எண்ணம் வலுத்து 2008 செப்டம்பர்ல குரோம் வந்தது.

"அவரு ஐ.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு. நம்ம கதை வேற"ன்னு சொல்வீங்க. நியாயம். அப்ப இன்னொருத்தரைப் பார்க்கலாம். கிரிஷ் மாத்ருபூதம், திருச்சிக்காரர். தஞ்சாவூர் சண்முகா கல்லூரியில (இன்னைக்கு சாஸ்த்ரா) இன்ஜினியரிங், சென்னைப் பல்கலைக்கழகத்துல எம்.பி.ஏ. 2001-ல அட்வென்ட்நெட்டுல, அதாவது இன்னைய ஜோஹோவுல, ப்ரீசேல்ஸ் இன்ஜினியரா சேர்ந்தார். ப்ரீசேல்ஸ்னா என்ன? வாங்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிற கஸ்டமருக்கு டெமோ காட்டி, அவர் கேக்கிற எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்றது. ஆயிரம் பேரோட 'ஆனா'வைக் காது கொடுத்துக் கேக்கிற வேலை. அங்கிருந்து புராடக்ட் மேனேஜர், அப்புறம் மேனேஜ்எஞ்சின் பிரிவுல புராடக்ட் மேனேஜ்மென்ட் வைஸ் பிரசிடென்ட். 2010-ல வெளியே வந்து ஃபிரெஷ்டெஸ்க் ஆரம்பிச்சார். அமெரிக்காவுல இருந்து சென்னைக்கு வீடு மாத்தினப்ப அவரோட டி.வி. உடைஞ்சு வந்ததும், இழப்பீட்டுக்காக மாசக்கணக்கா அலைஞ்சதும், இன்டர்நெட்ல வெளிப்படையா எழுதின பிறகுதான் பணம் வந்ததும் அந்த கம்பெனி பிறந்த கதையில ஒரு பகுதி. நம்மள்ல பல பேருக்கு டி.வி. உடைஞ்சிருக்கு. கஸ்டமர் சப்போர்ட் சாஃப்ட்வேரை உள்ளுக்குள்ள இருந்து பல வருஷம் பார்த்தவருக்குத்தான், உடைஞ்ச டி.வி.யில ஒரு புராடக்ட் தெரிஞ்சது. 2017-ல ஃபிரெஷ்வொர்க்ஸ்னு பேர் மாறி, 2021 செப்டம்பர்ல அது நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போச்சு.

மூணாவது உதாரணம் நமக்கு ரொம்பப் பக்கம். குற்றாலத்துல இருந்து வர்ற சிற்றாறு சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில கலக்குதுன்னு நமக்குத் தெரியும். அந்தச் சிற்றாத்துப் பக்கம், தென்காசிக்கிட்ட இருக்கிற மத்தளம்பாறை கிராமத்துல ஜோஹோ அலுவலகம் இருக்கு. 2011-ல சில பேரோட தென்காசியில சின்னதா ஆரம்பிச்சு வளர்ந்தது. ஜோஹோ டெஸ்க்ங்கிற சாஃப்ட்வேர் அங்க வளர்ந்ததுதான். உலகம் முழுக்கப் பல கம்பெனிகள் தங்களோட கஸ்டமர் புகாரை அதுல வச்சுத்தான் கையாளுறாங்க. 2005 வாக்குல ஆரம்பிச்ச ஜோஹோவோட பயிற்சிப் பள்ளியில, பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடிச்ச பசங்களைச் சேர்த்து, கட்டணம் வாங்காம, உதவித்தொகையும் கொடுத்து வேலை கத்துக்கொடுக்கிறாங்க.

இப்ப ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. சென்னையில பிறந்த ஃபிரெஷ்டெஸ்க், தென்காசியில வளர்ந்த ஜோஹோ டெஸ்க். ரெண்டுமே என்ன சாஃப்ட்வேர்? சப்போர்ட் ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்க்கிற சாஃப்ட்வேர். நம்ம மாநிலத்துல இருந்து உலகத்துக்குப் போன ரெண்டு பெரிய புராடக்ட்டுக்கும் யூசர் யாருன்னா, நாம "கால் சென்டர் வேலைல"ன்னு ஒதுக்குற அதே சப்போர்ட் ஆள்தான். அந்த சீட்டுல ரெண்டு வருஷம் உட்கார்ந்தவங்களைவிட அந்த யூசரை யாருக்குத் தெரியும்?

பூந்தொட்டி புராஜெக்ட்

நம்மகிட்ட என்ன குறையுதுன்னு நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட் லிஸ்டைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். எல்லா வருஷமும் 'ஸ்மார்ட் இரிகேஷன்' உண்டு. ஆர்டுயினோ, மண் ஈரப்பதம் பார்க்கிற சென்சார், ஒரு குட்டி மோட்டார். ரிவ்யூ அன்னைக்குப் பூந்தொட்டியில சென்சாரைச் சொருகி, மண்ணு காய்ஞ்சா மோட்டார் ஓடும், ஈரமானா நிக்கும். கைத்தட்டு, மார்க்கு.

இங்க இருந்து பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல வயல். கார், பிசானம்னு ரெண்டு போகம் நெல்லு. ஆத்துத் தண்ணி கால்வாய் வழியா வந்து வயல்ல தேங்கி நிக்குது. தண்ணிக்குள்ள நிக்கிற பயிருக்கு மண்ணு ஈரமா இருக்கான்னு சொல்ல சென்சார் எதுக்கு? கால்வாய்ப் பாசனத்துல நிறுத்துறதுக்கு மோட்டார் எங்க இருக்கு? அந்த விவசாயிகிட்ட கேட்டா அவரோட கேள்வியே வேற. அணையை எப்பத் திறப்பாங்க, முறை வச்சா நம்ம மடைக்கு என்னைக்கு வரும், அறுப்பு மெஷின் எப்பக் கிடைக்கும், கொள்முதல் நிலையத்துல மூட்டையை இறக்குறதுக்குள்ள மழை வந்துடுமா. இந்த நாலு கேள்வியில ஒண்ணுக்கு, அவர் போன்லயே தமிழ்ல பதில் சொல்ற மாதிரி ஒண்ணு பண்ணியிருந்தா, சென்சாரே இல்லாம அது நல்ல புராஜெக்ட். கிணத்துப் பாசனம் இருக்கிற மானூர் பக்கமோ ராதாபுரம் பக்கமோ அந்த சென்சார் உதவலாம். அது எந்த ஊருக்குப் பொருந்தும்னு போய்ப் பார்க்கிறதுதான் புராடக்ட் மேனேஜ்மென்ட். அதுக்கு எந்த சர்டிஃபிகேட்டும் தேவைப்படல, ஒரு பஸ் டிக்கெட் போதும்.

நல்லாப் பண்ணின உதாரணமும் ஊர் முழுக்க இருக்கு. டீக்கடையில "பதினஞ்சு ரூபாய் பெறப்பட்டது"ன்னு கத்துற சவுண்ட்பாக்ஸ். 2016-ல யு.பி.ஐ. வந்தப்புறம் க்யூ.ஆர். அட்டை எல்லாக் கடையிலயும் ஒட்டியாச்சு. ஆனா கடைக்கார அண்ணாச்சிக்கு ஒரு கையில பால் சட்டி, இன்னொரு கையில டம்ளர். ஒவ்வொரு தடவையும் போனை எடுத்துப் பார்க்க முடியாது. பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஏமாத்துறவங்களும் உண்டு. அவர் கை ஓயாது, காது சும்மாதான் இருக்கு. அதனால காதுக்குச் சொல்லு, அவர் மொழியில சொல்லு. பெரிய டெக்னாலஜி ஒண்ணும் இல்லை, ஒரு ஸ்பீக்கரும் சிம் கார்டும். யாரோ ஒருத்தர் கடையில நின்னு அவர் கையைக் கவனிச்சதாலதான் அது வந்திருக்கும்.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். பி.எம். இன்டர்வியூன்னா அழகான இங்கிலீஷ்தான்னு நம்மள்ல நிறையப் பேர் பயப்படுறாங்க. எழுத்துல தெளிவான இங்கிலீஷ் வேணும், அதை மறுக்கல. ஆனா ஒரு கடைக்காரர்கிட்ட போய் "உங்க பெயின் பாயின்ட்ஸ் என்ன"ன்னு கேட்டா அவர் முழிப்பார். "இதுல எங்க அண்ணாச்சி உங்களுக்கு எரிச்சல் வருது?"ன்னு கேட்டா அரை மணி நேரம் பேசுவார். அடுத்த சில கோடி யூசர்கள் இந்த மாதிரிப் பேசுறவங்கதான். கிராமத்துல இருந்து தமிழ் மீடியத்துல படிச்சு வந்த என் கிளாஸ்மேட்டுங்க இந்த வேலையில என்னைவிட ரெண்டு படி முன்னாடி இருக்காங்க. அவங்களுக்கே அது தெரியல.

எதிர்க்கேள்விகள்

"ஜெயிச்ச ரெண்டு பேர் கதையைச் சொல்லிட்டா எல்லாரும் அப்படி ஆயிடுவாங்களா?" ஆக மாட்டாங்க. சப்போர்ட்ல சேர்ந்து அஞ்சு வருஷம் டிக்கெட் மட்டுமே குளோஸ் பண்ணி, நைட் ஷிஃப்ட்ல உடம்பைக் கெடுத்துக்கிட்டவங்களும் இருக்காங்க. அதனால எந்த சப்போர்ட் வேலையும் சரின்னு நான் சொல்லல. ஆஃபரை ஏத்துக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு, நாம சப்போர்ட் பண்ணப்போற சாஃப்ட்வேர் அந்த கம்பெனியோடதா, வேற யாரோடதோவா? சொந்தப் புராடக்ட்டா இருந்தாத்தான் அதை உருவாக்குற டீம் பக்கத்து மாடியில இருக்கும். ரெண்டு, கஸ்டமர் சொல்ற குறை டெவலப்பர் வரைக்கும் போக வழி இருக்கா? மூணு, சப்போர்ட்ல இருந்து வேற டீமுக்கு மாறினவங்க அங்க இருக்காங்களா? மூணுக்கும் 'இல்லை'ன்னு பதில் வந்தா, யோசிங்க.

"நேரா பி.எம். எடுக்கிற கம்பெனியே இல்லையா?" இருக்கு. கூகுள் 2002-லயே புதுசாப் படிச்சு முடிச்சவங்களுக்குன்னு அசோசியேட் புராடக்ட் மேனேஜர் திட்டத்தை ஆரம்பிச்சது. மத்த சில கம்பெனிகளும் அப்படி எடுக்கிறாங்க. ஆனா சீட்டு ரொம்பக் கொஞ்சம், பெரிய பேர் இருக்கிற காலேஜ் வாசல்லயே முடிஞ்சிடுது. அது நியாயமான்னு கேட்டா, இல்லை. அதை மாத்தணுமான்னு கேட்டா, மாத்தணும். ஆனா அது மாறுற வரைக்கும் நம்ம லோன் வட்டி காத்திருக்காது. வெளிய நிக்கிறவங்களுக்கு ரெஸ்யூம்தான் அடையாளம். உள்ள இருக்கிறவங்களை வேலையை வச்சே தெரியும். அதனாலதான் உள்ள இருந்து மாறுறது சுலபம்.

"ஏ.ஐ. வந்தா சப்போர்ட் வேலையே போயிடுமே?" கொஞ்சம் போகும், உண்மைதான். பாஸ்வேர்டு மாத்திக் கொடுக்கிற மாதிரி வேலை எல்லாம் முதல்ல போகும். ஆனா பி.எம். வேலையிலயும் டாக்குமென்ட் எழுதுறது, மீட்டிங் குறிப்பு எடுக்கிறது எல்லாம் அதுவே பண்ணுது. ரெண்டு பக்கமும் மிச்சமாகிறது ஒண்ணுதான். கோபத்துல கத்துற கஸ்டமர் உண்மையில எதுக்குக் கத்துறார்னு கண்டுபிடிக்கிறது. அதைப் பழகுறதுக்கு சப்போர்ட் சீட்டைவிட நல்ல இடம் எனக்குத் தெரியல.

இந்த ஆறு மாசத்துல

தேர்ட் இயர், ஃபைனல் இயர்ல இருக்கிறவங்க காசு செலவில்லாம மூணு வேலை பண்ணலாம். முதல் வேலை: ஒரு சாயங்காலம் வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டுல போய் நில்லுங்க. அம்பாசமுத்திரம் போறவங்க, திருச்செந்தூர் போறவங்க, இருபது பேர்கிட்ட "உங்க பஸ் எப்ப வரும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறீங்க"ன்னு மட்டும் கேளுங்க. ஐடியா சொல்லாதீங்க, கேட்டு எழுதிக்கோங்க. ரெண்டாவது: உங்க புராஜெக்ட்டை யாருக்காகப் பண்றீங்களோ, அவங்க மூணு பேர் கையில கொடுத்து, வாயை மூடிட்டுப் பாருங்க. எந்த பட்டன்ல தடுமாறுறாங்கன்னு குறிச்சுக்கோங்க. மூணாவது: பார்த்ததை ஒரே பக்கத்துல எழுதுங்க. யாருக்குப் பிரச்சினை, என்ன பிரச்சினை, எதை முதல்ல சரி பண்ணுவீங்க, எதைப் பண்ண மாட்டீங்க, ஏன். நீல் மெக்எல்ராய்க்கு 3 பக்கம் போதுமா இருந்தது. நமக்கு ஒண்ணு போதும். அந்த ஒரு பக்கத்தை இன்டர்வியூல காட்டுங்க. எந்த கோர்ஸ் சர்டிஃபிகேட்டைவிடவும் அதைப் பத்தி அதிகமாக் கேள்வி வரும், அத்தனைக்கும் உங்ககிட்ட பதில் இருக்கும்.

எனக்கு வந்திருக்கிறது சப்போர்ட் இன்ஜினியர் ஆஃபர். மூணு கேள்வியும் கேட்டேன். ரெண்டுக்கு 'ஆமா', ஒண்ணுக்கு 'பார்க்கலாம்'. ஜூன்ல சேரப்போறேன். உங்க இன்பாக்ஸ்லயும் அப்படி ஒரு ஆஃபர் 'ஓபன்' பண்ணாமக் கிடந்தா, கடைசி தேதி என்னன்னு இன்னைக்கே பார்த்துடுங்க.